குறுக்குக் கம்பி

சார்ஜாவிலிருந்து வந்த கம்பளிக்குள் சுருட்டப்பட்டு வந்தது அந்தக் கம்பி. லப்பைக்குடிக்காட்டு ஜியாவுதீன் பாய் லீவில் ஊருக்கு வந்தபோது கொண்டுவந்தார். புவனேஸ்வரி போய் வாங்கிவந்து, வீட்டுக்கு முன்னால் இருந்த களத்தில் கம்பளியைப் போட்டு உருட்டி விரித்தாள். கோடாலித் தைலம் சில பாட்டில்கள், ஒரு பால்பவுடர் டப்பா, எல்லாவற்றுக்கும் உள்ளே சிவப்புச் சாயம் பூசிய இரும்புக் கம்பி. ஒரு ஆள் இரண்டு கையாலும் ஏந்திப் பிடிக்கிற நீளம். இரண்டு முனையிலும் ஓட்டை போட்ட தகடு. ஒரு முனைக்குப் பக்கத்தில் மட்டும் கம்பி நேராகப் போகாமல், எதற்கோ வழிவிடுவதுபோல வளைந்து ஒதுங்கி, பிறகு நேராகியிருந்தது.

கல்ஃபில் இருக்கிற புருஷன்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. தான் வர முடியாத வருஷத்தில் சாமானை அனுப்புவார்கள். மிக்ஸி வரும், டார்ச் லைட் வரும், கம்பளி கட்டாயம் வரும். மாசி பிறந்ததுமே வெந்து சாகிற பெரம்பலூர் ஜில்லாவில் கம்பளி எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. மடித்துப் பீரோவுக்கு மேலே வைத்துவிடுவார்கள். ஆனால் கார் கம்பி அனுப்பிய புருஷனைக் குன்னம் பக்கத்தில் யாரும் கேள்விப்பட்டதில்லை.

எதிர்வீட்டுக் குஞ்சம்மாள், காயப்போட்ட மக்காச்சோளத்தைத் துழாவிக்கொண்டிருந்தவள், துழாவும் பலகையோடே வந்து நின்றாள்.

"இது என்னடி புவனா, தொட்டில் மாட்டற கம்பியா?"

கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்று அவளுக்கு உறைத்தது. கல்யாணமாகிப் பல வருஷமாகியும் புவனேஸ்வரிக்குக் குழந்தை இல்லை. லீவில் அவன் வந்து, டாக்டரைப் பார்த்து, டாக்டர் எழுதிக்கொடுத்த டெஸ்டை எல்லாம் எடுத்து முடிப்பதற்குள் லீவு முடிந்துவிடும். அடுத்த தடவை மறுபடியும் முதலிலிருந்து டெஸ்ட்.

"தொட்டிலுக்கு இல்ல சின்னம்மா, காருக்கு" என்று புவனேஸ்வரி சிரித்தாள். குஞ்சம்மாளைச் சங்கடத்திலிருந்து காப்பாற்றுவதற்காகச் சிரித்தது.

மாமனார் அய்யம்பெருமாள் கம்பியைத் தூக்கிப் பார்த்தார். "காருல இல்லாத இரும்பா? இன்னும் ஒண்ணு எதுக்காம்?"

"முன்சக்கரம் ரெண்டுக்கும் மேல ஷாக் அப்சர்பர் வந்து முட்டற எடம் இருக்குல்ல மாமா, அந்த ரெண்டையும் இழுத்துக் கட்டறாப்புல குறுக்க போடறதாம். வளைவுல திரும்பினாலும் பள்ளத்துல எறங்கினாலும் முன்பக்கம் தளும்பாதாம்."

"நுகத்தடின்னு சொல்லு."

"அப்படித்தான் வச்சுக்குங்களேன்."

"அரியலூரு ரோட்டுல சுண்ணாம்புக்கல்லு லாரி போயிப் போயி ஒவ்வொரு பள்ளமும் ஒரு குட்டையாட்டம் கெடக்கு. அதுக்கு நுகத்தடி என்ன பண்ணும்? ரோட்டுக்குல்ல கம்பி போடணும்."

சொன்னாரே தவிர, அவர் முகத்திலும் சந்தோஷம் இருந்தது. மகன் தமிழழகன் சொல்லியனுப்பியிருந்த சேதி அப்படி. சார்ஜாவில் ஒரு கார் ஒர்க்‌ஷாப்பில் அவனுக்கு வேலை. அரபிப் பையன்கள் ஓடுகிற காரைக் கொண்டுவந்து நிறுத்தி, இன்னும் வேகமாக ஓட வை, இன்னும் சத்தம் போட வை என்பார்கள். அவர்கள் கேட்டதையெல்லாம் மாட்டிக்கொடுப்பதுதான் இவன் வேலை. சித்திரையோடு ஒப்பந்தம் முடிகிறது. இந்தத் தடவை லீவில் இல்லை, ஒரேயடியாக வருகிறேன் என்று சொல்லியிருந்தான். குன்னம் முக்கு ரோட்டில் அவர்களுக்கு இருந்த துண்டு இடத்தில் ஒர்க்‌ஷாப் போடுவது, சொந்த வண்டியில் முதலில் மாட்டிக் காட்டுவது, அதைப் பார்த்து நாலு பேர் வருவார்கள் என்பது அவன் திட்டம். "கம்பி முன்னாடி வருது, நான் பின்னாடியே வரேன்" என்று போனில் சொன்னான். புவனேஸ்வரி அன்றைக்கே அரிவாளை எடுத்துக்கொண்டு போய் அந்த இடத்தில் மண்டிக்கிடந்த கருவேல முள்ளை வெட்ட ஆரம்பித்தாள். ஆள் வைத்துக்கொள்ளலாமே என்று மாமனார் சொன்னதற்கு, இந்த ஒரு வேலையை நானே செய்கிறேன் மாமா என்றாள். கையெல்லாம் கீறல்.

கார் அவன் போன லீவில் வாங்கியது. பெரம்பலூரில் ஒரு வாத்தியார் பத்திரமாக ஓட்டிக்கொண்டிருந்த பழைய வெள்ளைக் கார். வாங்கிய வாரமே அவளை உட்காரவைத்துக்கொண்டு கங்கைகொண்ட சோழபுரம் போனான். கோயில் புல்தரையில் உட்கார்ந்து, கட்டிக்கொண்டு போன புளிச்சோற்றைச் சாப்பிட்டார்கள். திரும்பும்போது ஜெயங்கொண்டத்தைத் தாண்டி நல்ல மழை பிடித்துக்கொண்டது. ஓரமாக நிறுத்திவிட்டுக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு மழை விடும்வரை பேசிக்கொண்டிருந்தார்கள். என்ன பேசினார்கள் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் கல்யாணமானதிலிருந்து அவ்வளவு நேரம் யாரும் கூப்பிடாமல், எதுவும் குறுக்கே வராமல் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது அன்றைக்கு மட்டும்தான். அந்த மழை இன்னும் கொஞ்ச நேரம் பெய்திருக்கலாம் என்று இப்போதும் நினைத்துக்கொள்வாள்.

அவன் கிளம்பும்போது வாரம் ஒரு தடவை வண்டியை ஸ்டார்ட் பண்ணி வை, இல்லாவிட்டால் பேட்டரி செத்துவிடும் என்றான். ஸ்டார்ட் பண்ணி நிறுத்துவதற்கு ஒரு வண்டியா என்று அவள் பெரம்பலூரில் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து லைசென்ஸே எடுத்துவிட்டாள். இப்போது பின்சீட்டை மடக்கி அதில் சின்ன வெங்காய மூட்டை போகிறது. மாமனார் முன்சீட்டில் உட்கார்ந்து, எதிரில் லாரி வரும்போதெல்லாம் காலால் இல்லாத பிரேக்கை மிதிப்பார்.

வெள்ளிக்கிழமைதான் தமிழழகனுக்கு லீவு. அதனால் கம்பி மாட்டுவதற்கும் வெள்ளிக்கிழமையே நாள் குறிக்கப்பட்டது. காலையிலேயே புவனேஸ்வரி தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, சின்ன வெங்காயம் போட்டுக் காரக்குழம்பு வைத்து, முருங்கைக்கீரை வதக்கி, அப்பளம் பொரித்து மூடி வைத்துவிட்டாள். வழக்கமான நைட்டிக்குப் பதிலாக நல்ல சேலையாகக் கட்டியிருந்தாள். கிரீஸ் வேலைக்கு எதற்கு நல்ல சேலை என்று மாமனார் கேட்கவில்லை. அவருக்குத் தெரியும், வீடியோவில் மகன் வருவான்.

களத்தில் மக்காச்சோளம் காய்ந்தது. வெங்காயம் சேர்த்துவைக்கிற பட்டறைக்குப் பக்கத்தில் புங்கமர நிழலில் தரை மட்டமாக இருந்தது. அங்கே காரை நிறுத்தி பானட்டைத் தூக்கி வைத்தாள். அவன் போன லீவில் விட்டுப்போன ஸ்பேனர் பெட்டியைத் திறந்தாள். பெட்டி பளபளவென்று இருந்தது. மாதம் ஒரு தடவை எண்ணெய்த் துணியால் துடைப்பாள்.

போனை மாமனார் பிடித்துக்கொண்டார்.

"மாமா, உங்க காதுதான் தெரியுதாம். திருப்பிப் பிடிங்க."

"இப்பத் தெரியுதாடா?"

"வானம் தெரியுதுப்பா" என்றான் தமிழழகன். "கொஞ்சம் கீழ எறக்குங்க. ஆங், அப்படியே. புவனா, நல்லாருக்கே சேலை. புதுசா?"

"நீங்க எடுத்துக் குடுத்ததுதான். வேலையைச் சொல்லுங்க."

"சரி. ரெண்டு பக்கமும் மூலையில வட்டமா மேடாட்டம் தெரியுதா? அதான் ஷாக்கோட தலை. சுத்தி மூணு நட்டு இருக்கும். நடுவுல பெருசா ஒண்ணு இருக்கும் பாரு, அதைத் தொட்டுடாத. அதுக்குக் கீழ ஸ்பிரிங்கு அமுக்கி நிக்குது. அதைக் கழட்டினா ஆளையே தூக்கிடும்."

"தொடலை."

"சுத்தியிருக்கறதுல உள்பக்கத்து ரெண்டை மட்டும் கழட்டு. ரிங் ஸ்பேனர் போடு. வண்டி நாலு காலுலயும் தரையில நிக்குதுல்ல? ஜாக்கி எதுவும் வைக்கலையே?"

"வைக்கலைங்க. முந்தா நாளே நூறு தடவை சொல்லிட்டீங்க."

நட்டு இறுகிப்போயிருந்தது. ஸ்பேனரில் கை வைத்து உடம்பை முழுக்கக் கொடுத்தாள். மாமனார் ஒரு கையால் போனைப் பிடித்துக்கொண்டு மறுகையை நீட்டினார். போனில் மறுபடியும் வானம் தெரிந்தது. அங்கிருந்து அவன் கத்த, இங்கே இவர்கள் சிரிக்க, நட்டு ஒரு கீச்சுச் சத்தத்தோடு இளகியது. கழற்றியதையெல்லாம் சாப்பாட்டுத் தட்டு ஒன்றில் போட்டு வைத்தாள். அவன் சொல்வான், இவள் செய்வாள், செய்ததைக் காட்டுவாள். அவன் "அதான், அதான்" என்பான். அந்த "அதான்" அவள் காதுக்குப் பக்கத்திலிருந்து சொல்வதுபோலவே கேட்டது. வியர்வை கண்ணில் இறங்கியதைக்கூட அவள் துடைக்கவில்லை. இந்த வேலை சீக்கிரம் முடிந்துவிடக் கூடாது என்று இருந்தது.

"இப்ப கம்பியை எடுத்து மேல வை. தகட்டு ஓட்டைக்குள்ள போல்ட்டு ஏறணும். வளைஞ்ச பக்கம் எடது கைப் பக்கமா வரட்டும். நட்டைக் கையால போட்டு வுடு, டைட்டு வைக்காத. ரெண்டு பக்கமும் உக்காந்தப்புறந்தான் டைட்டு."

வளைந்த பக்கத்தை இடது பக்கம் வைத்தாள். அந்தப் பக்கத் தகடு சொல்லிவைத்ததுபோல உட்கார்ந்தது. வலது பக்கம் உட்காரவில்லை. தகடு போல்ட்டைத் தொடுவதற்கு முன்னாலேயே கம்பி ஒரு வெள்ளை டப்பாவின் தலையில் இடித்து நின்றது.

"இடிக்குதுங்க."

"எது?"

"வெள்ளை டப்பா ஒண்ணு. மஞ்ச மூடி."

"பிரேக் ஆயில் டப்பா. அதுக்குத்தானே கம்பியை அந்த எடத்துல வளைச்சுவுட்டிருக்கான். வளைவு அதைச் சுத்திட்டுப் போகும் பாரு."

"வளைவு இந்தப் பக்கம் இருக்கு. டப்பா அந்தப் பக்கம் இருக்கு."

"நீ மாத்தி வச்சிருப்ப. எடது பக்கம்னு சொன்னேனே."

"எனக்கு எடதா, வண்டிக்கு எடதா? முன்னாடி நின்னு பாக்கறவங்களுக்கு ஒண்ணு, உள்ள உக்காந்து ஓட்டறவங்களுக்கு ஒண்ணுல்ல?"

"ஓட்டறவனுக்குத்தான்."

"அப்படித்தாங்க வச்சிருக்கேன்."

"அப்படின்னா டப்பாவும் அங்கதான் இருக்கணும். ஸ்டியரிங்குக்கு நேர் முன்னாடி இருக்கும் பாரு."

"ஸ்டியரிங்குக்கு முன்னாடிதாங்க இருக்கு. ஸ்டியரிங்கு வலது பக்கமில்ல இருக்கு" என்றாள் புவனேஸ்வரி.

போனில் பேச்சு நின்றது. லைன் போய்விட்டதோ என்று அய்யம்பெருமாள் போனைத் தட்டிப் பார்த்தார். போகவில்லை. அவன் முகம் அப்படியே இருந்தது, கண் மட்டும் எங்கோ பார்த்தது. அங்கே வண்டிகளுக்கெல்லாம் ஸ்டியரிங் இடது பக்கம். இதே மாடல் கார் அங்கேயும் ஓடுகிறது. அந்த ஊர்க் காருக்கு உள்ள கம்பியை வாங்கி அனுப்பிவிட்டான்.

முதலில் சிரித்தது அவன்தான். "அட கருமமே!" என்று நெற்றியில் அடித்துக்கொண்டான். "தெனம் இதே வேலை பாக்கறவன் நான். ஊரெல்லாம் கேட்டாச் சிரிக்கும்."

"நான் சொல்லமாட்டேன். மாமாதான் சொல்லுவாரு" என்று அவளும் சிரித்தாள்.

"நானா? இன்னிக்கு டீக்கடையில இதான்டா கதை" என்றார் அவர்.

"திருப்பிப் போட்டுப் பாரு புவனா. ஒருவேளை உக்காரலாம்."

திருப்பிப் போட்டாள். தகடு உட்கார்ந்தது, டப்பாவும் தப்பித்தது. ஆனால் முன்பக்கமாகச் சரிந்து கீழிறங்கியிருந்த வளைவு இப்போது தலைகீழாகி மேலே முட்டிக்கொண்டு நின்றது. பானட்டை மெல்ல இறக்கினாள். முக்கால்வாசி இறங்கியதும் கம்பிமேல் உட்கார்ந்துகொண்டது. அய்யம்பெருமாள் அதை ஒரு அமுக்கு அமுக்கப் போனார்.

"அமுக்காதீங்கப்பா, தகரம் வளைஞ்சிடும்! வேணாம், கழட்டிடு புவனா. ஒண்ணும் அவசரமில்ல. வலது கை ஸ்டியரிங்குக்கு உள்ள கம்பியும் இங்க கெடைக்கும், சொல்லி வச்சா எடுத்துக் குடுப்பான். ஆடியில நம்ம ரூமு பையன் ஒருத்தன் லீவுல வரான். அவன்கிட்ட அனுப்பிவுடறேன்."

அவள் பானட்டைத் தூக்கிப் பிடித்தபடி நின்றாள்.

"ஆடியிலயா?"

"ஆமா, அவனுக்கு அப்பத்தான் லீவு."

"சித்திரையில நீங்க வரீங்கல்ல? வர்றப்ப கையில எடுத்துட்டு வரவேண்டியதுதானே? இன்னொருத்தன்கிட்ட எதுக்கு அனுப்பணும்?"

அவன் கண்ணைத் தாழ்த்திக்கொண்டான். அய்யம்பெருமாள் போனைத் தன் முகத்துக்கு நேராகத் திருப்பி மகனைப் பார்த்தார். பிறகு போனை மருமகள் கையில் கொடுத்துவிட்டுக் களத்துப் பக்கம் போனார். வெயில் உச்சிக்கு வந்திருந்தது. காலால் மக்காச்சோளத்தைத் தள்ளித் தள்ளிவிட ஆரம்பித்தார். அதைச் சற்று முன்தான் குஞ்சம்மாள் துழாவிவிட்டுப் போயிருந்தாள்.

"சொல்லுங்க" என்றாள்.

"கையெழுத்துப் போட்டுட்டேன் புவனா. இன்னும் ரெண்டு வருஷத்துக்கு."

"எப்ப?"

"போன வாரம். ஒர்க்‌ஷாப்புக்கே என்னைப் பெரியாளாப் போடறேன்னு எங்க மொதலாளி அர்பாப் கூப்பிட்டுச் சொன்னான். நான் யோசிச்சுச் சொல்றேன்னுதான் சொன்னேன். அப்புறம்..."

"கம்பி அனுப்பினப்ப வர்றதாத்தானே சொன்னீங்க?"

"அப்ப வர்றதாத்தான் இருந்துச்சு. சத்தியமா. அனுப்பிட்டு ரூமுல படுத்தப்பத்தான் பயம் வந்துச்சு. இங்க வர்ற வண்டி வேற புவனா. குன்னம் முக்குல எவன் வந்து எனக்குக் கம்பி மாட்டுன்னு நிப்பான்? டிராக்டருக்குப் பஞ்சர் பாக்கத்தான் வருவான். இத்தினி வருஷம் கழிச்சு வந்து ஊருல சும்மா உக்காந்திருந்தா, பாக்கறவன் என்ன பேசுவான்? அப்பா மூஞ்சியில எப்படி முழிப்பேன்?"

"டிராக்டருக்குப் பஞ்சர் பாருங்க. யாரு வேணாம்னா? நான் டியூப் புடிச்சுக் குடுக்கறேன்."

"அதெல்லாம் சொல்லறதுக்கு நல்லாருக்கும்."

"நம்ம வண்டிக்கு ஸ்டியரிங்கு எந்தப் பக்கம்னு உங்களுக்கு மறந்து போச்சுங்க."

"மறக்கலடி. வாங்கறப்பக் கை அதுவா அதை எடுத்துடுச்சு."

"அதைத்தான் நானும் சொல்றேன்." அவள் குரல் உயரவில்லை. "சோழபுரம் போயிட்டு வந்தோமே, மழையில. நீங்க வலது பக்கம் உக்காந்திருந்தீங்க. நான் உங்களுக்கு எடது கைப் பக்கம். கியர்ல கை வச்சிட்டே பேசினீங்க. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. தெனம் வண்டி எடுக்கறப்ப அந்தச் சீட்டுலதான் இப்ப நான் உக்கார்றேன். எனக்கு வண்டி தளும்பினாத் தளும்பிட்டுப் போகட்டும். நீங்க வேணும். எனக்கு வேற ஒண்ணும் வேணாங்க."

அவன் அழுதுவிடுவான்போல இருந்தது. "புவனா, ரெண்டே வருஷம்..."

"கழட்டி மாட்டிடறேன். வேலை கெடக்கு" என்று சொல்லிப் போனை அணைத்தாள். இத்தனை வருஷத்தில் அவன் பேசிக்கொண்டிருக்கும்போது அவள் போனை அணைத்தது இதுதான் முதல் தடவை.

கம்பியைக் கழற்றினாள். தட்டிலிருந்த நட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பழைய இடத்தில் போட்டு, அவன் சொல்லியிருந்தபடியே கையால் ஓட்டி, பிறகு ஸ்பேனர் வைத்து இறுக்கினாள். கடைசி நட்டை இறுக்கும்போது அழுகை வந்தது. நின்று அழுதாள். அழுது முடித்து, சேலைத் தலைப்பில் முகம் துடைத்ததில் கன்னமெல்லாம் கிரீஸ் ஆனது. பானட்டை இறக்கி மூடினாள்.

அன்றைக்குக் காரக்குழம்பு அப்படியே இருந்தது. மாமனார் ஒரு கவளம் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார். அவளும் அப்பளத்தைக் கையில் வைத்து நொறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சாயங்காலம் அவன் கூப்பிட்டான், எடுக்கவில்லை. மறுபடியும் கூப்பிட்டான். மாமனாரும் எடுக்கவில்லை.

மறுநாள் காலையில் அவள் கம்பியைப் பழைய வேட்டித் துணியில் சுற்றி காரின் பின்சீட்டில் வைத்ததை அய்யம்பெருமாள் பார்த்தார்.

"எங்கம்மா?"

"லப்பைக்குடிக்காட்டுக்கு மாமா. ஜியாவுதீன் பாய் நாளைக்குக் கெளம்பறாராம். குடுத்து அனுப்பப் போறேன்."

அவர் யோசித்தார். பட்டறைக்குப் போய், நல்ல வெங்காயமாகப் பொறுக்கி ஒரு பை நிறையக் கட்டிக்கொண்டு வந்து கம்பிக்குப் பக்கத்தில் வைத்தார். "பாய் வூட்டுல குடு" என்றார். கதவைச் சாத்தவில்லை, பிடித்துக்கொண்டே நின்றார்.

"நான் ஒரு தடவைகூட அவனை வாடான்னு கூப்பிட்டதில்லம்மா. அவங்கம்மா செத்தப்பகூட, முடிஞ்சா வான்னுதான் சொன்னேன். அவனா வரணும்னு இருந்துட்டேன். நீயாச்சும் கூப்பிடு."

"இப்பத்தான் கூப்பிடப் போறேன் மாமா."

வேப்பூர் வழியாகப் போனாள். வழியெல்லாம் பாதி ரோட்டை அடைத்து மக்காச்சோளம் காய்ந்தது. கல்லை வரிசையாக வைத்துத் தடுத்திருந்தார்கள். பருத்தி எடுக்கிற பெண்கள் மடி கட்டிக்கொண்டு வெயிலில் குனிந்திருந்தார்கள். வண்டி ஒவ்வொரு பள்ளத்திலும் இறங்கி ஏறி, பின்சீட்டில் கம்பி கடகடவென்று சத்தம் போட்டது. முன்பக்கம் நன்றாகத்தான் தளும்பியது.

லப்பைக்குடிக்காட்டில் பெரிய கடைத்தெருவுக்குப் பின்னால் ஜியாவுதீன் பாயின் வீடு. நடுக்கூடத்தில் அட்டைப்பெட்டி ஒன்றைக் கட்டிமுடித்து, கயிற்றால் குறுக்கும் நெடுக்கும் இறுக்கி, மேலே பெயரும் ஊரும் எழுதி வைத்திருந்தார்கள். பாய் அதைத் தொங்கு தராசில் மாட்டி எடை பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி ஜுபைதா பெட்டியின் அடியைத் தாங்கிப் பிடித்திருந்தாள்.

"வாம்மா தங்கச்சி. என்ன, ஏதாச்சும் குடுத்து வுடணுமா? மச்சான் நல்லாருக்காரா?"

புவனேஸ்வரி துணியை அவிழ்த்துக் கம்பியைத் தரையில் வைத்தாள். அவர் அதை உடனே கண்டுகொண்டார்.

"இதை நான்தானே கொண்டுவந்தேன்? என்னாச்சு, ரிப்பேரா?"

"ரிப்பேரில்லண்ணே. அந்த ஊரு வண்டிக்கு உள்ளது. நம்ம வண்டிக்குச் சேரலை."

"யா அல்லாஹ்!" என்று அவர் சிரித்தார். "தமிழழகனா இப்படிப் பண்ணினான்? அதுக்கு ஏம்மா இவ்ளோ தூரம்? அவன் வேற அனுப்பிவுட்டுட்டுப் போறான். இது கெடந்துட்டுப் போவுது."

"அவரு அனுப்பக் கூடாதுண்ணே. அதுக்குத்தான் வந்தேன். இதை அவரு கையில குடுத்துடுங்க. இதை மாத்தி நம்ம வண்டிக்கு உள்ளதை அவரே கையில எடுத்துட்டு வரணும், அவரே மாட்டணும். யாருகிட்ட குடுத்துவுட்டாலும் நான் வாங்கமாட்டேன். கம்பளி அனுப்பினாலும் வாங்கமாட்டேன், தைலம் அனுப்பினாலும் வாங்கமாட்டேன்னு சொல்லுங்க. எனக்குச் சாமான் வேணாம்."

ஜியாவுதீன் பாய் சிரிப்பதை நிறுத்திவிட்டுப் பெட்டியைப் பார்த்தார்.

"அதுக்கில்லம்மா. சொல்றதைச் சொல்லிடறேன், இன்ஷா அல்லாஹ். ஆனா இந்த இரும்பு நாலு கிலோவுக்குக் கொறையாது. பெட்டி இப்பவே எடை சரியா நிக்குது. ஏர்போர்ட்டுல எடுத்து வீசிடுவான். வாயால சொன்னாப் போதாதா?"

"வாயால நானே சொல்லிட்டேண்ணே. கேக்கலை."

அவர் சங்கடத்தோடு தலையைச் சொறிந்தார். ஜுபைதா உள்ளே போனாள். அருவாமணையைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தாள். பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து, அன்று காலை முழுக்க இரண்டு பேரும் சேர்ந்து கட்டிய கயிற்றை ஒவ்வொன்றாக அறுத்தாள்.

"ஏய், என்னா பண்ணறே?" என்றார் பாய்.

அவள் பெட்டியைத் திறந்தாள். முறுக்கு டின்னை எடுத்து வெளியே வைத்தாள். வறுத்து அரைத்த மசாலாத்தூள் பொட்டலங்கள் இரண்டு, ஊறுகாய் பாட்டில், அவர் கேட்டாரென்று போட்டுவைத்த வடகம், எல்லாவற்றையும் எடுத்து வைத்தாள். ஒரு மாதமாக அவருக்காகச் செய்தது. மசாலா வாசனை கூடமெங்கும் பரவியது. கம்பியை எடுத்துப் பெட்டிக்குள் மூலைக்கு மூலை குறுக்காக வைத்துப் பார்த்தாள். சரியாக நின்றது.

"அம்மாடி, உங்க சாமானை எதுக்கு எடுக்கறீங்க" என்று புவனேஸ்வரி பதறினாள்.

"இதெல்லாம் அங்க கடையில கெடைக்கும். உக்காரும்மா, டீ போடறேன்" என்றாள் ஜுபைதா. புதுக் கயிற்றை எடுத்துப் பெட்டியைச் சுற்றி இழுத்து முடிச்சுப் போட ஆரம்பித்தாள். போட்டுக்கொண்டே, புருஷனை நிமிர்ந்து பார்க்காமல் சொன்னாள்:

"அவரு கெளம்பி வந்தாருன்னா, நீங்களும் கூடவே வந்துடுங்க."

ஜியாவுதீன் பாய் குனிந்து, முடிச்சு விழுகிற இடத்தில் கயிறு நழுவாமல் விரலை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டார்.